ரக்கூனை வண்டியில் ஏற்றாதீங்க

போன மாசம் ஒரு ராத்திரி. டியூட்டி முடிச்சு வந்து, தட்டுல சோறு போட்டு உட்கார்ந்த நேரத்துல வாட்ஸ்அப் கால். சித்தி பையன். நியூஜெர்சியில் இருக்கான். அங்கே அப்போ மத்தியானம்.

"அக்கா, ஒரு சின்ன டவுட்."

எங்க வீட்டில் "சின்ன டவுட்" என்று ஆரம்பிச்சா சோறு ஆறிடும். இருந்தாலும் கேட்டேன்.

காலையில குப்பைத்தொட்டி மூடியைத் திறந்திருக்கான். உள்ளே ஒரு ரக்கூன் சுருண்டு படுத்திருக்கு. பயந்துபோய் வெளியே பாய்ந்ததுல இவன் கையில் பல் இறங்கிடுச்சு. ரத்தம் கொஞ்சம்தான். அது ஓடிப்போய் பக்கத்து மரத்துல ஏறிக்கிச்சு.

"தினமும் நம்ம பின்பக்கம் வர்றதுதான் அக்கா. பத்து நாள் அது நல்லா நடமாடுதான்னு பார்க்கிறேன். ஏதாவது ஆச்சுன்னா ஊசி போட்டுக்கிட்டா போதும்ல?"

இந்தப் பத்து நாள் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது சாட்சாத் நான்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, அவனை வீட்டு நாய் கடிச்சப்ப சொன்னது. பாதியை மட்டும் ஞாபகம் வச்சிருக்கான். அதுவும் தப்பான பாதி.

அதனால முதல்ல அதைச் சரி பண்ணிடுறேன். நாய், பூனை கடிச்சா பத்து நாள் கவனிக்கச் சொல்றது உண்மை. ஆனா அந்தப் பத்து நாளும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்லல. கடிபட்ட அன்னிக்கே ஊசியை ஆரம்பிக்கணும். பத்து நாள் கழிச்சும் நாய் நல்லா இருந்தா, மிச்ச ஊசிகளை என்ன பண்ணலாம்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க.

ஏன் பத்து நாள்? ரேபிஸ் வந்த நாய்க்கு, நோய்க்குறி தெரியறதுக்குச் சில நாள் முன்னாடிதான் எச்சிலில் வைரஸ் வர ஆரம்பிக்கும். கடிச்சு பத்து நாள் கழிச்சும் அது உயிரோட, ஆரோக்கியமா இருந்தா, கடிச்ச நேரத்துல எச்சிலில் வைரஸ் இல்லைன்னு அர்த்தம். இது நாய்க்கும் பூனைக்கும் நல்லா ஆராய்ந்து நிரூபிச்ச கணக்கு. ரக்கூனுக்கு அப்படி நம்பக்கூடிய கணக்கு கிடையாது. அதனால ரக்கூன் கடிச்சா, அதைப் பிடிச்சு மூளையைப் பரிசோதிக்கணும். பிடிக்க முடியலைன்னா ரேபிஸ் இருக்குன்னே வச்சுக்கிட்டு சிகிச்சை எடுக்கணும். அது மரத்துல உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறதெல்லாம் சான்று இல்லை.

"போனை வச்சுட்டு, குழாய்த் தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவு. மணி பார்த்துக் கழுவு. உடனே எமர்ஜென்சிக்குக் கிளம்பு"ன்னேன். போனான். காயத்துக்குள்ள இம்யூனோகுளோபுளின், கையில முதல் தடுப்பூசி. அங்கே 0, 3, 7, 14-ம் நாள்னு நாலு டோஸ். (பில்லைப் பார்த்துட்டு அவனுக்குக் காய்ச்சல் வந்தது தனிக்கதை. நம்ம ஊர் அரசு மருத்துவமனையில் இது மொத்தமும் இலவசம்னு சொல்லி வெறுப்பேத்தினேன்.)

இழையின் காரணம் இது இல்லை. ரெண்டு நாள் கழிச்சு அவன் சொன்னதுதான்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் கூண்டு வச்சு அந்த ரக்கூனைப் பிடிச்சுட்டார். நல்ல மனுஷன். கொல்லல. வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் இருபது மைல் தள்ளி ஒரு காட்டுல விட்டுட்டு வந்துட்டார்."

நான் தலையில கை வச்சேன். கடிச்ச விலங்கு போயிடுச்சு, இனிமே பரிசோதனைக்கு வழியில்லை, இவன் எல்லா டோஸும் போட்டே ஆகணும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த நல்ல மனுஷன் செஞ்ச அதே காரியத்தால்தான் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்க ரக்கூன் ரேபிஸ் பரவுச்சு.

என் கருத்தை இப்பவே சொல்லிடுறேன். ரேபிஸ் புழங்குற இடத்தில் இருக்கும் ஒரு விலங்கைப் பிடிச்சு வேற இடத்துல கொண்டுபோய் விடுறதுதான் இருக்கிறதிலேயே மோசமான முடிவு. சும்மா விடுறதைவிட மோசம். பார்க்க கருணையா இருக்கும், அதுதான் சிக்கல்.

கதைக்கு வர்றேன்.

ரக்கூனைப் பார்க்காதவங்களுக்கு: பூனையைவிடப் பெருசு. கண்ணைச் சுத்தி திருடன் முகமூடி மாதிரி கருப்பு, வாலில் வளையம் வளையமா கோடு. முன்னங்கால் கிட்டத்தட்ட நம்ம கை மாதிரியே வேலை செய்யும், மூடியெல்லாம் திறக்கும். வட அமெரிக்காவின் விலங்கு. நகரத்துக் குப்பையில் ராஜா மாதிரி வாழும். கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிற நம்ம மக்களைக் கேளுங்க, குப்பைத்தொட்டிக்குப் பூட்டு போட்ட கதை ஆளுக்கு ஒண்ணு வச்சிருப்பாங்க.

ரேபிஸ் வைரஸில் விலங்குக்கு ஏத்த மாதிரி தனித்தனி வகைகள் உண்டு. நாய் வகை, நரி வகை, ஸ்கங்க் வகை, வௌவால் வகைகள். ரக்கூனுக்குன்னு ஒண்ணு. எந்த வகையாக இருந்தாலும் எல்லாப் பாலூட்டிகளையும் கொல்லும். ஆனா நிலைச்சு நின்னு பரவுறது அதனதன் இனத்துக்குள்ளதான்.

ரக்கூன் வகை முதல்ல கவனத்துக்கு வந்தது 1940-களில், ஃபுளோரிடாவில். அங்கிருந்து ஜார்ஜியா, அலபாமா, தெற்கு கரோலினான்னு மெதுவா நகர்ந்துச்சு. முப்பது வருஷத்துல தென்கிழக்கு மூலையை விட்டு வெளியே வரல. ஒரு ரக்கூன் தன் வாழ்நாளில் சுத்துற இடமே சில கிலோமீட்டர்தான். வைரஸுக்குக் கால் கிடையாது, ரக்கூன் போற தூரம்தான் அதுவும் போகும்.

1977-ல் திடீர்னு மேற்கு வர்ஜீனியாவில் ரக்கூன் ரேபிஸ். ஃபுளோரிடாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவுல நோயே இல்லாத பெரும் நிலப்பரப்பு. எப்படித் தாண்டுச்சு?

லாரியில.

அங்கே ரக்கூன் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. வேட்டைக்கு ரக்கூன் குறைஞ்ச இடங்களுக்குத் தெற்கிலிருந்து உயிரோட பிடிச்சு, கூண்டில் அடைச்சு, ஏத்திக்கிட்டு வந்து காட்டில் விடுவாங்க. அப்படி அனுப்பின ரக்கூன்களில் ரேபிஸ் இருந்ததை 1979-லேயே மருத்துவ இதழில் பதிவு பண்ணியிருக்காங்க. பார்த்து அனுப்பியிருக்கலாமேன்னு தோணும். பார்த்தால் தெரியாது. வைரஸ் உடம்புக்குள்ள போய் நோயாக வெளியே தெரிய வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் விலங்கு கொழுகொழுன்னு, துறுதுறுன்னு இருக்கும். ரத்தப் பரிசோதனையிலும் சிக்காது. நோயில்லைன்னு சான்றிதழ் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

அதுக்கப்புறம் நடந்தது வேகம். வர்ஜீனியா எல்லையில் பிடிச்ச தீ ஆண்டுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர்னு வடக்கே ஓடுச்சு. 1990-ல் நியூயார்க். 1991-ல் கனெக்டிகட். 1999-ல் எல்லை தாண்டி கனடாவின் ஒன்டாரியோ. 1993-ல் அமெரிக்காவில் ரேபிஸ் உறுதியான விலங்குகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல், அதில் பாதிக்கும் மேல் ரக்கூன். ஒரு சில வேட்டைக்காரங்க வார இறுதிப் பொழுதுபோக்குக்கு லாரியில் ஏத்திவிட்டது!

"சரி டாக்டர், மனுஷங்க எத்தனை பேர் செத்தாங்க?"

நியாயமான கேள்வி. பதில் ஆச்சரியமானது: விரல்விட்டு எண்ணலாம். ரக்கூன் வகையால் ஒரு மனிதர் இறந்தது அமெரிக்காவில் முதன்முதலா பதிவானதே 2003-ல், வர்ஜீனியாவில். 25 வயது இளைஞர். மூளைக்காய்ச்சல்னு நினைச்சு சிகிச்சை கொடுத்தாங்க, ரேபிஸ்னு தெரிஞ்சது இறந்தபிறகு. எந்த விலங்கு, எப்போ கடிச்சதுன்னு வீட்டில் யாருக்கும் தெரியல.

இத்தனை ஆயிரம் வெறிபிடிச்ச ரக்கூன்கள் வீட்டுக் கொல்லையிலேயே திரிஞ்சும் சாவு ஏன் இவ்வளவு குறைவு? ரக்கூனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல பாலமா இருக்க வேண்டியது நாய். அந்தப் பாலத்தை அவங்க முன்னாடியே இடிச்சுட்டாங்க. 1940-களிலிருந்து நாய்களுக்கு விடாமல் தடுப்பூசி போட்டுப் போட்டு, 2007-ல் நாய் வகை ரேபிஸ் எங்க நாட்டில் இல்லைன்னு அறிவிக்கிற இடத்துக்கு வந்தாங்க. ரக்கூன் நாயைக் கடிக்கும், நாய்க்கு ஏற்கெனவே ஊசி போட்டிருக்கு, கதை அங்கேயே முடிஞ்சிடும். தப்பிச்சு வர்றதுக்கு மனுஷனுக்குக் கடிக்குப் பிந்தைய ஊசி இருக்கு.

ஆனா அந்த ஊசி சும்மா வரல. 1994-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கான்கார்டில் ஒரு செல்லப்பிராணிக் கடை. அங்கே வாங்கின ஒரு பூனைக்குட்டி செத்துப்போச்சு. மூளையைப் பரிசோதிச்சா ரேபிஸ், அதுவும் ரக்கூன் வகை. கடைக்கு வந்து கொஞ்சினவங்க, மடியில வச்சவங்க, கையை நக்கவிட்ட குழந்தைகள்னு தேடித்தேடி கடைசியில 665 பேருக்கு ஊசி. ஒரே ஒரு பூனைக்குட்டி. யாரும் சாகல. செலவு மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டுச்சு.

இன்னொரு சம்பவம், படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. 2011, ஃபுளோரிடா. ஒரு இளைஞர் வாந்தி, கை மரத்துப்போறதுன்னு ஆஸ்பத்திரிக்கு வந்து சில நாளில் இறந்துட்டார். மீன் சாப்பிட்டதால் வந்த விஷம்னு டாக்டர்கள் நினைச்சாங்க. உறுப்புகளை நாலு பேருக்குத் தானம் கொடுத்தாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு 2013-ல், சிறுநீரகம் வாங்கினவர்ல ஒருத்தர் மேரிலாந்தில் ரேபிஸ் வந்து இறந்தார். ரக்கூன் வகை. திரும்பிப் போய் விசாரிச்சா, தானம் கொடுத்தவரை ரக்கூன் கடிச்சிருந்திருக்கு, ஊசியே போட்டுக்கல. மிச்ச மூணு பேருக்கு அவசர அவசரமா தடுப்பூசி கொடுத்தாங்க, பிழைச்சாங்க.

அந்த ஃபுளோரிடா டாக்டர்களை நான் குறை சொல்லமாட்டேன். காஷுவாலிட்டியில் ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தியோட வர்றவர்கிட்ட "உங்களை ஏதாவது விலங்கு கடிச்சுதா"ன்னு எத்தனை தடவை நான் கேட்டிருக்கேன்? இப்போ கேட்கிறேன்.

(ஒரு கேஸ் வந்துடுச்சு. போயிட்டு வந்தேன். தேள்கொட்டு. பையன் நல்லா இருக்கான். தொடர்கிறேன்.)

பரிசோதனை விஷயத்துக்கு வர்றேன். இது எங்க தொழில், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோங்க.

உயிரோட இருக்கும் விலங்குக்கு ரேபிஸ் இருக்கா இல்லையான்னு உறுதியா சொல்லும் பரிசோதனை கிடையாது. வைரஸ் ரத்தத்தில் சுத்தாது. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியா மெதுவா ஏறி மூளைக்குப் போகும், அங்கே பெருகி, திரும்ப நரம்பு வழியாவே எச்சில் சுரப்பிக்கு இறங்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் மூளை. மூளைத்தண்டும் சிறுமூளையும் கண்டிப்பா வேணும். அந்தத் திசு மேல ஒளிரும் சாயம் ஏத்தின எதிர்ப்பொருளை ஊத்துவாங்க. வைரஸ் இருந்தா நுண்ணோக்கியில் ஆப்பிள் பச்சை நிறத்தில் மின்னும். 1958-ல் வந்த முறை. இன்னிக்கும் உலகம் முழுக்க இதை வச்சுத்தான் மத்த முறைகளை எடை போடுறாங்க. சில மணி நேர வேலை.

அதனாலதான், சந்தேகப்பட்ட விலங்கை அடிக்கவோ சுடவோ வேண்டி வந்தாலும் தலையைச் சிதைக்கக்கூடாது. தலையை ஐஸ் பெட்டியில குளிர்ச்சியா அனுப்பணும். உறைய வைக்கக்கூடாது, உறைஞ்சா உருகுறதுக்குள்ள நேரமும் போகும், திசுவும் கெடும்.

வெளித்தோற்றத்தை வச்சு ரக்கூனுக்கு ரேபிஸ்னு சொல்றதும் தப்பாகலாம். தள்ளாடும், கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்தும், மனுஷனைக் கண்டு பயப்படாது. நாய்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் நோய் ரக்கூனுக்கும் வரும், அதிலும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். பகல்ல நடமாடினாலே ரேபிஸ்னு அங்கே ஒரு நம்பிக்கை. குட்டி போட்ட தாய் பசியில் பகல்லயும் வரும். மூளையைப் பார்க்காம யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் வருஷத்துக்கு லட்சத்தை ஒட்டி விலங்குத் தலைகளை இப்படிப் பரிசோதிக்கிறாங்க. பெரும்பாலானதில் ரேபிஸ் இல்லைன்னுதான் முடிவு வரும். அதுவும் பெரிய லாபம்தான், கடிபட்டவருக்கு ஊசியே வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பலாம்.

என் தம்பிக்குக் கிடைச்சிருக்க வேண்டியதும் அதுதான். வண்டியில ஏறிப் போயிடுச்சு.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. காட்டில் இருக்கிற ரக்கூனுக்கு எப்படி ஊசி போடுறது? பிடிச்சு, போட்டு, விட்டு? சின்ன இடத்துல செய்யலாம், செய்றாங்க. ஆயிரம் கிலோமீட்டருக்குச் செய்ய முடியாது.

அதனால மருந்தைத் தின்பண்டத்துக்குள்ள வச்சாங்க. சாஸ் பாக்கெட் அளவுக்கு ஒரு சின்ன உறை, உள்ளே திரவத் தடுப்பூசி, வெளியே மீன்தூள் வாசனை. ரக்கூன் மோப்பம் பிடிச்சு வந்து கடிக்கும், உறை கிழியும், மருந்து வாயில படும். அவ்வளவுதான், தடுப்பூசி முடிஞ்சுது. உள்ளே இருக்கிறது ரேபிஸ் வைரஸே இல்லை. அம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்ஸினியா வைரஸில், ரேபிஸ் வைரஸின் மேலோட்டுப் புரதத்துக்கான ஒரே ஒரு மரபணுவைச் செருகியிருக்காங்க. அதனால இந்த மருந்தால் ரேபிஸ் வர வாய்ப்பே இல்லை. 1990-ல் வர்ஜீனியா பக்கம் ஒரு தீவில் முதல்ல சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த இடங்களுக்குப் போனாங்க. பின்னாடி கனடாவில் அடினோவைரஸை வச்சு இன்னொண்ணு செஞ்சாங்க. ரக்கூனுக்கு அது இன்னும் நல்லா வேலை செய்யுது.

பக்கவிளைவே இல்லையான்னு கேட்பீங்க. 2000-ல் ஒஹாயோவில் ஒரு பெண், தன் நாய் வாயிலிருந்து இந்த உறையைப் பிடுங்கப் போய் கடி வாங்கி, அந்த வாக்ஸினியா தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். குணமாயிட்டார். கோடிக்கணக்கில் போட்ட உறைகளில் இப்படிப்பட்டது அபூர்வம். நடந்ததை மறைக்காம மருத்துவ இதழில் எழுதினாங்க, "உறையைப் பார்த்தா கையால தொடாதீங்க"ன்னு அறிவிப்பு கொடுத்தாங்க. நம்பிக்கை இப்படித்தான் வரும்.

போடுற விதம் அழகு. காட்டுக்கு விமானம், நகர ஓரத்துக்கு ஹெலிகாப்டர், தெருக்களுக்குக் கார் ஜன்னலிலிருந்து கையால். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் போடுவாங்க, அந்த வருஷக் குட்டிகள் தானா தின்ன ஆரம்பிச்சிருக்கும். போடும் இடம் அதைவிட முக்கியம். அப்பலாச்சியன் மலைத்தொடர் ஏற்கெனவே ஒரு இயற்கைத் தடுப்பு. அதை ஒட்டி மேய்ன் மாநிலத்திலிருந்து அலபாமா வரைக்கும் ஒரு நீளப் பட்டை. அந்தப் பட்டையில் இருக்கிற ரக்கூன்களுக்கு எதிர்ப்புசக்தி வந்துட்டா, கிழக்கே இருக்கிற வைரஸ் மேற்கே தாண்டாது. அதுக்குப் பிறகு சில ரக்கூன்களைப் பிடிச்சு ரத்தத்தில் எதிர்ப்புசக்தி இருக்கான்னு பார்த்துட்டு விடுவாங்க. போட்டோம், போட்டோ எடுத்தோம், போயிட்டோம்னு இல்லை.

2004-ல் ஒஹாயோவில் பட்டையைத் தாண்டி ஒரு கேஸ் வந்துச்சு. ஓடிப்போய் அடைச்சாங்க. ஒவ்வொரு வருஷமும் செய்துக்கிட்டே இருக்கணும், ஒரு வருஷம் விட்டா போச்சு. இருந்தும் பெரும்பாலும் அந்த எல்லை நின்னுடுச்சு. இதே மாதிரி வாய்வழி மருந்தை 1995-லிருந்து டெக்ஸாஸில் கொயோட் ஓநாய்களுக்குப் போட்டு, அங்கே நாய் வகையையே ஒழிச்சாங்க. 2007 அறிவிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

"எல்லாத்தையும் கொன்னுட்டா வேலை முடிஞ்சுதே?" வரும், கமெண்ட்டில் இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். ஒரு இடத்தைக் காலி பண்ணினா பக்கத்து இளவட்ட ரக்கூன்கள் அங்கே குடியேறும். தின்ன குப்பை இருக்கு, எதிரி இல்லை. புதுசா வந்ததுக்குத் தடுப்பூசியும் இல்லை. நேர்மையா ஒண்ணு சொல்லணும்: 1999-ல் ஒன்டாரியோவுக்கு நோய் வந்தப்போ, கேஸ் வந்த இடத்தைச் சுத்தி சின்ன வட்டத்துக்குள்ள ரக்கூன்களைக் கொல்லத்தான் செஞ்சாங்க. ஆனா அதைச் சுத்தி அடுத்த வளையத்தில் பிடிச்சு ஊசி போட்டு விட்டாங்க, அதுக்கும் வெளியே வாய்வழி மருந்து. இந்த மூணும் சேர்ந்துதான் 2005-ல் நோயை நிறுத்துச்சு. கொன்னது மட்டும் இருந்திருந்தா நின்னிருக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த ஒன்டாரியோவில் பத்து வருஷம் ஒரு கேஸ் இல்லை. 2015 டிசம்பரில் ஹாமில்டன் நகரத்தில் ஒரு விலங்குக் கட்டுப்பாட்டு வேனில், பின்பக்கம் ரெண்டு நாய்களும் உடம்பு சரியில்லாத ஒரு ரக்கூனும் இருந்திருக்கு. உள்ளேயே சண்டை. ரக்கூனைப் பரிசோதிச்சா ரேபிஸ். தொடர்ந்து அந்த வட்டாரத்தில் ரக்கூனும் ஸ்கங்குமா சில நூறு கேஸ். வைரஸின் மரபணுவைப் படிச்சா, பக்கத்து எல்லையிலிருந்து ஊர்ந்து வந்தது இல்லை. ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தென்கிழக்கு நியூயார்க் பகுதி வைரஸோட ஒத்துப்போகுது. எந்த ரக்கூனும் அவ்வளவு தூரம் நடக்காது. ஏதோ ஒரு வண்டியில் வந்திருக்கு. தெரிஞ்சு ஏத்தினாங்களோ, குப்பை லாரிக்குள்ள தானா தூங்கிட்டு வந்துச்சோ. பத்து வருஷ உழைப்பு, ஒரு பயணம்.

இதனாலதான் அமெரிக்காவில் பல மாநிலங்களில் ரக்கூனைப் பிடிச்சு வேற இடத்துல விடுறது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டு நல்ல மனுஷனுக்கு அது தெரியாது.

இவ்வளவு தூரம் படிச்ச உங்களுக்கு, தமிழ்நாட்டு டாக்டர் எதுக்கு ரக்கூனைப் பத்தி இவ்வளவு புலம்புறாங்கன்னு தோணியிருக்கும். நம்ம ஊர்ல ரக்கூன் இல்லை. வேன் இருக்கு.

தெருநாய் தொல்லைன்னு மனு போகும். யாரோ சிலர் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பாங்க. ராத்திரியோட ராத்திரியா நாய்களை ஏத்தி, அடுத்த ஊராட்சி எல்லையில, குளத்துக்கரையிலயோ குப்பைமேட்டுலயோ இறக்கி விட்டுடுவாங்க. இந்த ஊர்ல நிம்மதி. அந்த ஊர்ல? அங்கே ஏற்கெனவே இருக்கிற நாய்களோட சண்டை, கடி. வந்ததுல ஒண்ணுக்கு உள்ளே வைரஸ் ஓடிக்கிட்டு இருந்தா, இதுவரைக்கும் நோயே இல்லாத ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி. மேற்கு வர்ஜீனியாவில் 1977-ல் நடந்ததும் இதுதான்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரிக்கு ஐம்பது வயசு விவசாயி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. தண்ணி டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுத்தது. மின்விசிறிக் காத்து பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டுச்சு. அதைப் பார்த்த எந்த டாக்டருக்கும் வேற பரிசோதனை வேண்டாம். ரெண்டு மாசம் முன்னாடி நாய் கடிச்சிருக்கு. "நம்ம ஊர் நாய் இல்லீங்கம்மா, வேன்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனது"ன்னு மகன் சொன்னார். நாயை அன்னிக்கே அடிச்சுப் புதைச்சுட்டாங்க. யாரும் தலையை அனுப்பல, அனுப்பணும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லவும் இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பரிசோதிக்கிற வசதி இருக்கு. அந்தக் கிராமத்துக்கு அது தெரியாது. அப்போ எனக்கே சரியா தெரியாது, ஒத்துக்கிறேன். மூணாம் நாள் அவர் இறந்தார். கடைசி வரைக்கும் சுயநினைவு இருந்தது. நடுவுல என்னைப் பார்த்து "ஊசி போட்டிருந்தா சரியாகியிருக்குமா தாயி"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரல.

2023-ல் வந்த நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடிச்ச அதே இடத்துல விடணும்னுதான் சொல்லுது. அதே இடத்துல விடச் சொல்றதை நிறைய பேர் நாய்ப்பாசம்னு கிண்டல் பண்றாங்க. எனக்கு நாய்ப்பாசம் எல்லாம் இல்லை, நாயைக் கண்டா நானே எதிர்ப்பக்கம் போற ஆளு. ஊசி போட்ட நாய் அதே தெருவில் இருந்தா, அது அந்தத் தெருவுக்குக் காவல். அப்பலாச்சியன் பட்டையில் நிக்கிற ரக்கூன் மாதிரி. ஒரு பகுதியில் எழுபது சதவீத நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டுட்டா சங்கிலி அறுந்துடும். கோவா அதை வீடு வீடா, தெரு தெருவா செஞ்சு காட்டியிருக்கு. வெறிபிடிச்ச நாயையும் தொடர்ந்து கடிக்கிற நாயையும் தெருவில் விடணும்னு நான் சொல்லல. அதைப் பிடிச்சு தனியா காப்பகத்துல வைங்க. காப்பகம் என்பது கூரை, சாப்பாடு, டாக்டர் இருக்கிற இடம். அடுத்த ஊர்க் குப்பைமேடு காப்பகம் கிடையாது.

உங்க ஊராட்சியில் நாய் பிடிக்க வண்டி வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க: ஊசி போடுவீங்களா? எங்கே கொண்டுபோய் விடுவீங்க? ரெண்டாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா வண்டியை மறிச்சுக் கேளுங்க.

கடிபட்டா செய்ய வேண்டியதைத் திரும்பவும் சொல்லிடுறேன், இதுக்காகவாவது சேமிச்சு வைங்க. சோப்பு, ஓடுற தண்ணி, பதினஞ்சு நிமிஷம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்னிக்கே அரசு மருத்துவமனை. நம்ம ஊர்ல தோலுக்குள்ள போடும் ஊசின்னா 0, 3, 7, 28-ம் நாள். ரத்தம் வந்த காயம்னா இம்யூனோகுளோபுளினையும் கேட்டு வாங்குங்க. 28-ம் நாள் ஊசிக்கு வராம விடுறவங்க நிறைய, அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

தம்பிக்கு நேத்தோட நாலாவது டோஸ் முடிஞ்சுது. நல்லா இருக்கான். இந்த இழையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கான். அந்தக் கூண்டு இன்னும் அவர் கராஜில்தான் இருக்காம். போன வாரம் அதில் இன்னொண்ணு மாட்டியிருக்கு.